ஒரே சபை, பல கட்சி: கோடு எங்கே விழுகிறது?

தேர்தல் நெருங்கினால் சபை வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் சுற்ற ஆரம்பிக்கும். ஒன்று, "கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டால்தான் நமக்குப் பாதுகாப்பு, ஐக்கியமாயிருங்கள்" என்பது. இன்னொன்று, "குழுவில் அரசியல் வேண்டாம், ஐக்கியம் கெடும்" என்பது. முதல் செய்தியை அனுப்பியவரும் இரண்டாவதை அனுப்பியவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இரண்டு பேர் நினைப்பும் அடியில் ஒன்றுதான்: ஐக்கியம் என்றால் கருத்து வேறுபாடே இல்லாத நிலை. ஒருவர் அதை எல்லாரையும் ஒரே பக்கம் சேர்த்துக் கொண்டுவரப் பார்க்கிறார். மற்றவர் பேச்சையே நிறுத்திக் கொண்டுவரப் பார்க்கிறார்.

கிறிஸ்தவ மரபில் ஐக்கியம் என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் இருந்ததே இல்லை. வேறு எந்தப் பொருள் இருந்தது, எந்தக் கட்டத்தில் ஓர் அரசியல் கருத்து விசுவாசத்தையே தொடும் விஷயமாக மாறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டுச் சாப்பாடு

நம்மூர்களில் அப்பா ஒரு கட்சி, மூத்த மகன் எதிர்க்கட்சி, மருமகள் நோட்டா என்று இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. ராத்திரிச் சாப்பாட்டில் காரசாரமாகச் சண்டை நடக்கும். அம்மா "முதலில் சாப்பிடுங்கள்" என்று அதட்டுவார். அந்த வீடு உடைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். அதே வீட்டில் ஒருநாள், காதலித்துக் கட்டிவந்த மருமகள் வேறு சாதி என்பதால் அவருக்குத் தட்டு மட்டும் பின்வாசலில் வைக்கப்படுகிறது. யாரும் குரல் உயர்த்தவில்லை, சண்டையும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. உடைந்தது இந்த வீடுதான்.

சபை ஐக்கியத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எத்தனை சத்தம் கேட்கிறது என்பதைவிட, யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதே முக்கியம். சபைக்கு உண்மையிலேயே ஒரு மேசை இருக்கிறது, திருவிருந்து மேசை. அப்பமும் ரசமும் பகிரும் அந்த ஆராதனையைச் சில சபைகள் நற்கருணை என்றும் இராப்போஜனம் என்றும் சொல்லும். பெயர் எதுவானாலும் ஒரே மேசைதான். கிறிஸ்தவ ஐக்கியம் பற்றிய பெரிய சண்டைகளில் பலவும் கடைசியில் இந்த மேசைக்கே வந்து நிற்கின்றன.

விட்டுவிடலாம் என்ற வகை

இயேசு தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரைப் பாருங்கள். மத்தேயு ஆயக்காரர், அதாவது ஆட்சியாளர்களுக்காக வரி வசூலித்தவர். இன்னொருவர் செலோத்தே எனப்பட்ட சீமோன். அந்நிய ஆட்சியை வெறுத்த தீவிரவாதிகளைக் குறித்த பெயர் அது. சீமோன் அந்த இயக்கத்தில் உறுப்பினராகவே இருந்தாரா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. எப்படியிருந்தாலும், வரி வசூலித்தவரும் அந்தப் பட்டப்பெயர் கொண்டவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

இதைக் கொள்கையாக எழுதிவைத்தவர் பவுல். ரோமர் 14ஆம் அதிகாரத்தில், ரோம் நகரச் சபைக்குள் இறைச்சி சாப்பிடுகிறவர்களும் காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும், விசேஷ நாட்களைக் கைக்கொள்கிறவர்களும் கொள்ளாதவர்களும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். பவுல் தீர்ப்புச் சொல்லவில்லை. அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும், ஒருவன் மற்றவனை அற்பமாக எண்ண வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். "விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் அந்த அதிகாரத்தின் முதல் வரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படி, வேதம் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்ற காரியங்களை இறையியலில் அடியாஃபொரா என்பார்கள். கிரேக்கச் சொல். எப்படிச் செய்தாலும் இரட்சிப்பு கெட்டுப்போகாத காரியங்கள் என்று புரிந்துகொண்டால் போதும். வருமானவரி எத்தனை சதவீதம், மதுக்கடையை மூடுவதா நேரத்தைக் குறைப்பதா, எந்தக் கூட்டணி ஆட்சிக்கு வரலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். நல்ல கிறிஸ்தவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

அதே பவுல், அதே சாப்பாடு, வேறு பதில்

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இடம் அந்தியோகியா. யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தார். எருசலேமில் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பேதுரு மெல்ல விலகி, தனியே உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பர்னபாகூட இழுபட்டுப் போனார். பேதுரு புதிய போதனை எதையும் சொல்லவில்லை. யாரையும் சபைநீக்கம் செய்யவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகத்துக்கு நேரே எதிர்க்கிறார். இது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடத்தை இல்லை என்கிறார்.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ரோமரில் சாப்பாட்டு விஷயத்தை விட்டுக்கொடுத்தவர் அந்தியோகியாவில் ஏன் இப்படிக் கொதிக்கிறார்? ரோமில் கேள்வி, தட்டில் என்ன இருக்கிறது என்பது. அந்தியோகியாவில் கேள்வி, பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது. கிறிஸ்துவை விசுவாசித்தது மட்டும் போதாது, எங்கள் இனத்தானாகவும் மாறினால்தான் சமபந்தி என்று ஆகிவிட்டால், அந்த இடத்தில் சுவிசேஷமே மாறிப்போகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கருத்து வேறுபாடு ஐக்கியத்தை உடைக்காது. மேசையைப் பிரித்தால் உடையும், சத்தமில்லாமல் பிரித்தாலும் உடையும். ஒரே விஷயம் ஓரிடத்தில் விட்டுவிடக்கூடியதாகவும் இன்னோரிடத்தில் விடவே கூடாததாகவும் இருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு "சின்ன ஏற்பாடு"

இந்த வேறுபாடு ஏட்டில் எளிது, வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடும். எப்படி நழுவும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே குடியேறிய வெள்ளையர்களின் முக்கியமான சபை அது.

1829இல் அந்தச் சபையின் கேப் சினாடு ஒரு கேள்வியை விசாரித்தது. சினாடு என்றால் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடி முடிவெடுக்கும் மன்றம். கேள்வி இதுதான்: கறுப்பின, கலப்பின விசுவாசிகளுக்கு வெள்ளையர்களோடு சேர்த்துத் திருவிருந்து கொடுக்கலாமா? பதில் தெளிவாக வந்தது. நிறமோ பிறப்போ பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் கொடுக்க வேண்டும்.

28 வருடம் கழித்து, 1857இல், அதே சினாடு அதே கேள்விக்குத் திரும்பியது. அந்தத் தீர்மானத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். புறவினத்திலிருந்து வந்த விசுவாசிகளை இருக்கிற சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் உகந்தது என்றுதான் அது ஆரம்பிக்கிறது. அப்புறம் ஓர் "ஆனால்". சிலருடைய பலவீனத்தினிமித்தம் இது ஊழியத்துக்குத் தடையாக இருக்குமானால், அவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாம்.

சிலருடைய பலவீனம் என்றால் யாருடையது? பக்கத்தில் உட்கார மனமில்லாத வெள்ளை அங்கத்தினர்களுடையது. ரோமர் 14ஐ நினைத்துப் பாருங்கள். பலவீனனை உள்ளே சேர்த்துக்கொள்ளச் சொன்னார் பவுல். இங்கே பலவீனன் உள்ளேயே இருக்கிறான், அவன் பெயரைச் சொல்லி அடுத்தவன் வெளியே போகிறான். வேத வசனத்தின் வாசனையோடு வேதத்தையே தலைகீழாக்கிய தீர்மானம் அது. எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சமாதானமாகப் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. விதிவிலக்கு வழக்கமானது. 1881இல் கலப்பினத்தாருக்கென்று டச்சு சீர்திருத்த மிஷன் சபை என்ற தனிச் சபையே உருவானது. பிறகு கறுப்பினத்தாருக்கு வேறு சபை, இந்தியருக்கு இன்னொன்று. தனித்தனியாக வாழ்ந்து பழகிய அடுத்த தலைமுறைக்கு அது இயல்பாகத் தெரிந்தது. இயல்பாகத் தெரிவதற்கு வேத ஆதாரம் தேட ஆரம்பித்தார்கள். பாபேல் கோபுரத்தில் தேவன் ஜாதிகளைப் பிரித்தார் அல்லவா, ஆகவே பிரிந்திருப்பதே தேவ சித்தம் என்ற போதனை வளர்ந்தது.

1948இல் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்து, அப்பார்த்தைட் என்ற இன ஒதுக்கலை நாட்டின் சட்டமாக்கியது. அந்த ஆட்சியின் முதல் பிரதமர் டி. எஃப். மலான், அரசியலுக்கு வருமுன் இதே டச்சு சீர்திருத்த சபையின் போதகர். அந்தச் சபையை "ஜெபத்தில் இருக்கும் தேசியக் கட்சி" என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் கட்சி சபையைக் கெடுத்தது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். கட்சி சட்டமாக்கியதைச் சபை ஏற்கெனவே தொண்ணூறு வருடமாகத் திருவிருந்தில் பழகியிருந்தது.

இதைப் படிக்கிற தமிழருக்கு வேறொன்று உறுத்தும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்திய சபைகளில் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். தனி இருக்கையும் தனிக் கல்லறையும் எப்படி வருகின்றன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மௌனம் நடுநிலை இல்லை

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் காட்டஸ்லோ என்ற இடத்தில் பல சபைகள் கூடிப் பேசி, கிறிஸ்துவை விசுவாசிக்கிற யாரையும் நிறத்தைக் காட்டி எந்தச் சபையிலிருந்தும் விலக்கக்கூடாது என்றன. டச்சு சீர்திருத்த சபையின் பிரதிநிதிகள் பலரும் ஒப்புக்கொண்டார்கள். பிரதமர் வெர்வூர்டு அதிருப்தி தெரிவித்தார். அடுத்த வருடமே சபையின் சினாடுகள் தங்கள் பிரதிநிதிகளையே கைகழுவிவிட்டன.

கைகழுவப்பட்டவர்களில் ஒருவர் பெயர்ஸ் நௌடே. சாதாரண ஆள் இல்லை. சினாடின் தலைவர், ஆஃப்ரிகானர் எனப்படும் டச்சு வழி வெள்ளையர்களின் மேல்தட்டு ரகசிய அமைப்பான ப்ரூடர்பாண்டில் உறுப்பினர். 1963இல், இன ஒதுக்கலை எதிர்க்கும் கிறிஸ்தவ நிறுவனத்தை நடத்துவதா போதகராக நீடிப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிவந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் ஆஸ்ஃபூயல்காப் சபையில் விடைபெறும் பிரசங்கத்துக்கு அவர் எடுத்த வசனம் அப்போஸ்தலர் 5:29, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிவது பற்றியது. 1977இல் அரசு, கூட்டங்களில் பேசவோ தாராளமாக நடமாடவோ முடியாதபடி அவருக்குத் தடை உத்தரவு போட்டது.

அந்த நாட்களில் சபைகள் பலவும் எடுத்த நிலைப்பாடு "இரண்டு பக்கமும் சமாதானமாகுங்கள்" என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். 1985இல் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இதற்கு "சபை இறையியல்" என்று பெயர் வைத்துக் கடுமையாக விமர்சித்தது. ஒருவன் அநியாயம் செய்கிறான், இன்னொருவன் அதை அனுபவிக்கிறான் என்றால், அநியாயத்தைத் தொடாமல் இருவரையும் கைகுலுக்கச் சொல்வது ஒப்புரவாகுதல் அல்ல என்பது அதன் வாதம். "குழுவில் அரசியல் வேண்டாம்" என்ற செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆவணம் நினைவுக்கு வரும். அந்தச் செய்தி சில நேரம் நியாயமானதுதான். சில நேரம், பின்வாசலில் தட்டு வைத்த வீட்டின் அமைதி.

இனி அறிக்கையிட்டே ஆக வேண்டும் என்ற நிலை

விட்டுவிடலாம் என்ற பெட்டியிலிருந்து ஒரு விஷயம் வெளியே வந்து, இதில் வாயைத் திறக்காவிட்டால் விசுவாசத்தையே மறுதலிக்கிறோம் என்று ஆகும் கட்டத்துக்கு லத்தீனில் ஸ்டேட்டஸ் கன்ஃபெஷியோனிஸ் என்று பெயர். தமிழில் அறிக்கையிட வேண்டிய நிலை என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நேரத்தில் சபை எழுதுவதே விசுவாச அறிக்கை: நாங்கள் இதை விசுவாசிக்கிறோம், ஆகவே இன்னதை நிராகரிக்கிறோம் என்ற பொது வாக்குமூலம்.

இந்த எண்ணம் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவானது. 1548இல் பேரரசர் லூத்தரன் சபைகள்மீது சில பழைய சடங்குகளைத் திணித்தபோது, சடங்கு தன்னளவில் பரவாயில்லை, ஆனால் விசுவாசத்தை ஒடுக்குவதற்காகத் திணிக்கப்பட்டால் அது இனி பரவாயில்லாத விஷயம் அல்ல என்று சிலர் வாதிட்டார்கள்.

அதே ஜெர்மனியில் 1933இல் நாஜிகளின் ஆதரவாளர்களான "ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்" சபைத் தேர்தலில் வென்று, யூத வம்சத்தில் வந்த போதகர்களை நீக்கும் விதியைக் கொண்டுவர முயன்றார்கள். 1934 மே கடைசியில் பார்மன் நகரில் லூத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளின் பிரதிநிதிகள் கூடி, சபைக்கு இயேசு கிறிஸ்து ஒருவரே தேவனுடைய வார்த்தை, வேறு தலைவனோ அதிகாரமோ வெளிப்பாட்டின் ஊற்று அல்ல என்று அறிக்கையிட்டார்கள். முக்கியமாக எழுதியவர் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த். துணிச்சலான ஆவணம்தான். ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிற்காலத்தில் பார்த் அதைத் தம் தவறாகவே ஒப்புக்கொண்டார். சபையின் சுதந்திரத்துக்காகப் பேசுவதும் பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் பேசுவதும் ஒன்றல்ல.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்த நேரம் 1982இல் வந்தது. சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பு கனடாவின் ஒட்டாவாவில் கூடியபோது, தென்னாப்பிரிக்காவின் கறுப்பினப் பிரதிநிதிகள் சிலர் திருவிருந்தில் பங்கெடுக்க மறுத்தார்கள். எங்கள் ஊரில் எங்களோடு பந்தியில் உட்காராதவர்களோடு இங்கே மட்டும் எப்படி உட்காருவது என்பது அவர்கள் கேள்வி. 1857இல் பிரிந்த மேசை 125 வருடம் கழித்து உலக மேடைக்கு வந்துவிட்டது. கூட்டமைப்பு இன ஒதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பிப்பதைக் கள்ளப்போதகம் என்று அறிவித்து, வெள்ளையர் சபைகள் இரண்டின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அங்கேயே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆலன் பூசாக், கலப்பினத்தாருக்கென்று 1881இல் உருவான அந்த மிஷன் சபையின் போதகர்.

சில வாரங்களில், கேப் டவுன் பக்கத்திலுள்ள பெல்ஹாரில் மிஷன் சபையின் சினாடு கூடி ஓர் அறிக்கையை வரைந்தது. உடனே நிறைவேற்றிவிடவில்லை. நான்கு வருடம் சபைகளுக்கு அனுப்பிப் பேசவிட்டு, 1986இல் ஏற்றுக்கொண்டது. பெல்ஹார் அறிக்கையின் உள்ளடக்கத்தைச் சில வரிகளில் சொல்லலாம். சபையின் ஐக்கியம் தேவன் தந்த ஈவு, அதே நேரம் நாம் நிறைவேற்ற வேண்டிய கடமை. அது கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். கிறிஸ்துவின் ஒப்புரவாகுதலை நம்புகிற சபை மனிதரை நிறத்தால் பிரிக்க முடியாது. தேவன் ஏழைகளுக்கும் அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கும் விசேஷ விதமாகத் தேவனாயிருக்கிறார்.

கவனியுங்கள், இதில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. யாருக்கு ஓட்டுப் போடு என்றும் சொல்லவில்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு இன ஒதுக்கலுக்கு ஆமென் போட முடியாது.

சுருக்கமாக: அரசியலைப் பேசுவது வேறு, கட்சிக்காகப் பேசுவது வேறு. பெல்ஹார் முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்யவில்லை.

எல்லாவற்றுக்கும் இதை இழுக்கலாமா?

இழுக்கக் கூடாது. இந்தக் கருத்தைக் கேள்விப்பட்டவுடன் சிலருக்குக் கை துறுதுறுக்கும். எனக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் விசுவாசியே அல்ல என்று அடுத்த நாளே பதிவு போட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் இரண்டு தரப்பிலும் இது கிட்டத்தட்ட தினசரி நடப்பு. அரசியல் பிடிக்காமல் குடும்பங்கள் சபை மாறுவதும், போதகர்கள் எந்த வார்த்தை யாருக்கு உறுத்துமோ என்று எடைபோட்டுப் பிரசங்கிப்பதும் அங்கே பழகிப்போயிருக்கிறது.

பெல்ஹார் அறிக்கையோடு ஒரு கடிதமும் சேர்த்து வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் அறிக்கை அளவுக்கு அதுவும் முக்கியம். இந்த வார்த்தைகள் குறிப்பிட்ட மனிதருக்கோ சபைக்கோ எதிரானவை அல்ல, தவறான ஒரு போதனைக்கு எதிரானவை என்கிறது கடிதம். தாங்களும் பாவத்துக்கு வெளியே நிற்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. ஒப்புரவாகும் நோக்கத்தைத் தவிர வேறு நோக்கத்தோடு யாரும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் "இவர்கள் கிறிஸ்தவர்களே அல்ல" செய்திகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை வழக்கமாக ஆளைக் குறிவைக்கும், அனுப்புகிறவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், ஓட்டு எண்ணி முடிந்ததும் செய்தியும் காணாமல் போகும். நான்கு வருடம் பொறுத்துப் பேச யாரும் தயாராக இருக்கமாட்டார்கள்.

எனக்கு உதவும் ஒரு கேள்வி உண்டு: இந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டால் திருவிருந்து மேசையில் யாராவது ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டிவருமா? மதுக்கடை விஷயத்துக்கு அப்படி வராது. குடியுரிமையை மதத்தால் அளப்பதற்கும் சாதியைக் காப்பாற்றுவதற்கும் வரலாம். எல்லாக் கேள்விக்கும் இது விடை தந்துவிடாது. கருக்கலைப்பு, போர் போன்றவற்றில் மேசையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

பிரசங்க மேடையில் கட்சிப் பெயர்

இது பலர் கேட்கிற கேள்வி, பெரும்பாலும் சட்டத்தையும் விசுவாசத்தையும் கலந்து கேட்கிறார்கள். சட்டம் தனி. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி, வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு. 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4க்கு 3 என்ற கணக்கில், வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்றது. அமெரிக்காவில் 1954இலிருந்து ஜான்சன் திருத்தம் என்ற வரிச்சட்ட விதி உண்டு. வரிவிலக்குப் பெறும் சபைகள் வேட்பாளரை ஆதரிப்பதைத் தடுக்க வந்த விதி அது, நடைமுறையில் அமல்படுத்தியது அபூர்வம்.

சட்டம் அனுமதித்தாலும் போதகர் கட்சிப் பெயரைச் சொல்லாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. காரணம் பயம் இல்லை. அவர் பெயர் சொன்ன அடுத்த நொடி, மறு கட்சிக்காரருக்கு அப்பம் வாங்க முன்னே நடந்துவருவது கூச்சமாகிவிடும். ஒரு வாய் வார்த்தையில் மேசை பிரிந்துவிடும். அதே போதகர், தன் சபையில் தனி இருக்கை இருப்பதைக் கண்டிக்காமல் "நான் அரசியல் பேசுவதில்லை" என்று சொன்னால் அதையும் ஏற்க முடியாது.

தென்னாப்பிரிக்காவில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1994இல் மிஷன் சபையும் கறுப்பினத்தாரின் சபையும் சேர்ந்து ஒன்றுபடும் சீர்திருத்த சபையானது. பெல்ஹார் அதன் விசுவாச அறிக்கைகளில் ஒன்று. வெள்ளையரின் டச்சு சீர்திருத்த சபை இன ஒதுக்கலைப் பாவம் என்று ஏற்று, உலகக் கூட்டமைப்புக்குத் திரும்பியது. ஆனால் பெல்ஹாரைத் தன் அறிக்கையாகச் சேர்க்க எடுத்த முயற்சி பிராந்திய சினாடுகளில் போதிய ஆதரவு கிடைக்காமல் நின்றது. இரண்டு சபைகளும் இணைவது பற்றிய பேச்சு பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டே இருக்கிறது.